எர்த் அடிக்குது என்று உன் அம்மா சொன்னாள்

காலை பதினொன்று நாற்பதுக்கு எனக்குச் செய்தி வந்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. அப்போது நான் அகரம் கிராமத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் புது மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு, இணைப்புக் கொடுத்த நேரத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதினொன்று என்று எழுதினேன். நாற்பது என்று எழுதுவதற்குள் லைன்மேன் கருப்பையா சைக்கிளை வரப்பிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். "சார், வீட்டுக்கு வாங்க. டீச்சரம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையாம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் மோட்டாரைப் பார்த்துச் சொன்னார். நான் நாற்பது என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அம்மாடி, உனக்கு இப்போது இரண்டரை வயது. உன் மாமா வீட்டில், கடற்கரை ஊரில் இருக்கிறாய். இதை நீ வளர்ந்து, உனக்கென்று ஒரு வீடு அமைந்த பிறகு படிப்பதற்காக எழுதுகிறேன். அப்போது நான் எப்படி இருப்பேனோ தெரியாது. எனக்கு இப்போது இருபத்தொன்பது வயது. மின்சார இலாகாவில் செக்‌ஷன் ஆபீசர். மோட்டார், கம்பம், கம்பி, பியூஸ் இவைதான் எனக்குத் தெரிந்தவை. மனதில் இருப்பதை எழுதிப் பழக்கமில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உன் அம்மா நெஞ்சடைத்துச் செத்தாள் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். அது பொய். அந்தப் பொய்க்கு நானும் தலையாட்டினேன்.

உன் அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள். கல்யாணமாகித் திண்டுக்கல் வந்ததும் சின்னாளபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய்வருவாள். ஒரு நாள் சாயங்காலம் வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் சிரித்தாள். "ஏங்க, இன்னைக்குக் கிளாஸ்ல கடல் பாசின்னு சொன்னேன். ஒரு புள்ள எந்திரிச்சு, எங்க கெணத்துலயும் இருக்கு டீச்சர், வழுக்கி விட்ரும்னுச்சு. எல்லாம் நெசவுக்காரங்க வீட்டுப் புள்ளைக. சாயத் தொட்டியத் தவிரப் பெரிய தண்ணியப் பாத்ததில்ல. இதுகளுக்குப் பாசியக் கண்ணுல காட்டணும்" என்றாள். நான் படம் வரைந்து காட்டு என்றேன். "படத்துல அது ஆடாதுங்க" என்றாள்.

அப்படித்தான் தொட்டி வந்தது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரம், இரும்புச் சட்டத்தில் கண்ணாடி வைத்து மக்குப் பூசிய தொட்டி. கடல் தண்ணீர் உன் மாமா முருகேசன் மூலமாக ரயிலில் வந்தது, ஆசிட் ஜாடிகளில் நிரப்பி, வைக்கோல் சுற்றி. கல்லோடு ஒட்டியிருந்த பாசியையும் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். இரண்டு வகை. ஒன்று பச்சை. சின்னச் சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். இன்னொன்று சிவப்பு, நூல் நூலாக. அதை அவர்கள் ஊரில் கஞ்சிப்பாசி என்பார்கள், கஞ்சி காய்ச்சிக் குடிப்பதால். தொட்டியைச் சமையலறைக்கும் நடைக்கும் நடுவில், சுவரோரமாக மேஜை போட்டு வைத்தோம். அந்த இடத்தில் வெளிச்சம் கிடையாது. விளக்கு என் பொறுப்பு என்று நானே முன்வந்து சொன்னேன். கடல் அவள் பக்கம், கரண்ட் என் பக்கம் என்று பெருமையாகக்கூடச் சொன்னேன்.

விளக்குப் போடுவதற்கு முன்னால் ஜன்னலோரம் நகர்த்திப் பார்த்தோம். விளக்குச் செலவே இல்லை பார் என்றேன். திண்டுக்கல் வெயில் கடல் வெயில் இல்லை. பத்து நாளில் கண்ணாடி முழுக்கப் பச்சைச் சளி மாதிரிப் படர்ந்து, உள்ளே இருந்த பாசி தெரியாமலே போயிற்று. மத்தியானம் தண்ணீரில் கை வைத்தால் குளிக்கப் போட்ட வெந்நீர் பதம். பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்து நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். அதில் பாதிக்கு மேல் சூடு, மிச்சம்தான் வெளிச்சம். அந்த வெளிச்சமும் மஞ்சள். தண்ணீர் வற்றி உப்பு ஏறிக்கொண்டே போயிற்று. அவள் தினமும் குடிதண்ணீர் ஊற்றி ஈடுகட்டினாள். தெறித்த ஒரு துளியில் பல்பு வெடித்தது. "ஒங்க வெளக்கு பாசி வளக்கல, ரசம் வைக்குது" என்றாள். உனக்கும் எப்போதாவது இந்த ஆசை வந்தால் ஜன்னலும் வேண்டாம், குண்டு பல்பும் வேண்டாம். இவற்றை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

டியூப் லைட்தான் சரி என்று எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். சூடு குறைவு, வெள்ளை வெளிச்சம், கரண்டும் குறைவாகவே இழுக்கும். ஆனால் அப்போது டியூப் லைட் இந்த ஊரில் நகைக்கடையிலும் டாக்கீஸிலும்தான் எரிந்தது. புது ஃபிட்டிங் வாங்குவது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு டாக்கீஸில் முகப்பை மாற்றியபோது கழற்றிப் போட்டதில் இரண்டடி டியூப் ஒன்றும், அதற்கான சோக்கும் எனக்கு மலிவு விலைக்குக் கிடைத்தன. சோக் என்பது டியூப் எரிவதற்குக் கூட மாட்டும் கனமான பெட்டி, உள்ளே கம்பிச் சுருள். அது பழசு, லேசாக உறுமும். மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் பிரித்துத் தட்டி, வளைத்து, வெளிச்சம் கீழே விழுகிற மாதிரி ஒரு தகர மூடி செய்தேன். உள்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடித்தேன். சோக்கை அந்தத் தகரத்திலேயே இரண்டு போல்ட் போட்டு முறுக்கினேன். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே அது நின்றது. சுவரில் இருந்த பழைய இரண்டு ஓட்டைப் பிளக்கில் சொருகினேன். சாயங்காலத்தில் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஓடும்போது வோல்டேஜ் இறங்கி டியூப் கண்சிமிட்டும். அப்போதெல்லாம் உன் அம்மா ஒங்க விவசாயிக தண்ணி எறைக்கிறாக என்பாள். ஒரு மாதத்தில் பச்சைப் பாசி தரையெல்லாம் கொடி விட்டு ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக வீட்டுக்கு அழைத்து வந்து காட்டினாள். கிணற்றுப் பாசி என்று சொன்ன பிள்ளை ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "இது வழுக்காது போல டீச்சர்" என்று சொன்னதாம்.

இப்போது நான் செய்யாததைச் சொல்கிறேன். மூன்றாவது வயர் இழுக்கவில்லை. தகரத்தையும் சோக்கையும் தரையோடு சேர்க்கிற வயர் அது, எர்த் வயர். உள்ளே ஏதாவது கசிந்து தகரத்துக்குக் கரண்ட் வந்தால், அந்த வயர் வழியாக மண்ணுக்குள் போகும். கசிவு பெரிதானால் பியூஸ் போய்விடும். விளக்கு அணையும், அவ்வளவுதான். அந்த வாடகை வீட்டில் எர்த் கிடையாது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு குழி தோண்டி, இரும்புக் குழாய் இறக்கி, உப்பும் அடுப்புக்கரியும் போட்டு மூடினால் போதும். ஒரு மத்தியான வேலை. நான் தினமும் ஊரெல்லாம் செய்ய வைக்கிற வேலை. அந்தக் காலையில் அகரத்தில் செய்துகொண்டிருந்ததும் அதுதான். தோட்டத்துக்காரர் சிரித்துக்கொண்டே, "ஏனுங்கய்யா, குழிக்குள்ள ஒரு மூடை உப்பக் கொட்டச் சொல்றீகளே, மோட்டாருக்குக் கஞ்சி வைக்கவா?" என்று கேட்டார். "ஒங்க வீட்டாளுக உசுரோட இருக்கணும்னா கொட்டுங்க" என்று நான் அதட்டிச் சொன்னேன். அந்த நேரத்தில்தான் வீட்டில் உன் அம்மா தொட்டித் தண்ணீரை மொள்ளக் குவளையை எடுத்திருக்க வேண்டும்.

அதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு சாயங்காலம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் தொட்டித் தண்ணீரைக் குவளையால் மொண்டு மொண்டு மேலேயிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குக் காற்றுப் பிடிக்க வேறு வழி இல்லை, தினமும் இரண்டு வேளை அப்படிச் செய்வாள். தரையெல்லாம் தெறிக்கும். "ஏங்க, தகரத்துல கை பட்டா லேசா எர்த் அடிக்குதுங்க" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எர்த் எப்பிடி அடிக்கும்? அது காப்பாத்துற வயரு. கரண்ட் அடிக்குதுன்னு சொல்லு. டீச்சர் நீயே இப்பிடிச் சொன்னா புள்ளைக என்னத்தப் படிக்கும்?" என்றேன். "சரி வாத்தியாரே, கரண்ட் அடிக்குது. எறும்பு கடிச்ச மாதிரி. போதுமா?" என்றாள். "செருப்பப் போட்டுக்கிட்டுத் தொடு. ஞாயித்துக்கெழம பாக்குறேன்." "எந்த மாசத்து ஞாயித்துக்கெழம?" என்று கேட்டுவிட்டு உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன.

இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சுவிட்சைத் தொட்டுச் சுருக்கென்றால் எர்த் அடிக்குது என்பார்கள். விவசாயிகள் கூட்டத்தில் இதைச் சொல்லிக்காட்டி நான் சிரிக்க வைப்பேன். அம்மாடி, எர்த் அடிக்குது என்று யாராவது சொன்னால், அங்கே எர்த் இல்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். இலாகாவில் வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். அவள் சொன்ன சொல்லில் தப்புக் கண்டுபிடித்தேன். அவள் சொன்ன விஷயம் என் காதில் விழவில்லை. உனக்கு நான் ஏதாவது புத்தி சொல்லலாம் என்றால் இது ஒன்றுதான். உன் வீட்டில் யாராவது, உன் புருஷனோ வேலை செய்கிற அம்மாவோ, வலிக்குது, அடிக்குது, சுடுது என்று எந்த வார்த்தையில் சொன்னாலும் முதலில் எழுந்து போய்ப் பார். வார்த்தையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். திருத்தாமலே விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

அந்தச் செய்தி வந்த நாள் சனிக்கிழமை, அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா தயிருக்கு உறை வாங்க வந்து, கதவைத் தட்டிப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். அவர்தான் சத்தம் போட்டு ஆளைக் கூட்டினார். நான் வந்தபோது வாசலில் பத்துப் பேர் நின்றார்கள், யாரும் உள்ளே போகவில்லை. உன் அம்மா நனைந்த தரையில் மேஜையோடு சாய்ந்து கிடந்தாள். ஒரு கை தகர மூடியின் விளிம்பைப் பிடித்திருக்க, மூடி பாதி சரிந்து தொங்கியது. டியூப் எரிந்துகொண்டே இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளிடம் ஓடவில்லை. வாசற்படியிலேயே நின்று பிளக் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். சுவரை ஒட்டிப் போய் மெயினை இறக்கினேன். பிறகு பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகுதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களுக்கு அப்படித்தான் பயிற்சி. பயிற்சி அன்றைக்கு ரொம்பச் சரியாக வேலை செய்தது. நீ உள் அறைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாய். கூட்டத்துச் சத்தத்திலும் எழவில்லை.

கருப்பையா நல்ல மனுஷர். என் தோளைப் பிடித்துக்கொண்டு காதோடு, "சார், மயக்கம் போட்டு விழுந்துட்டாகன்னு சொல்லிருவோம். நெஞ்சடைப்பு. கரண்டுன்னு சொன்னா போலீஸ், ஆஸ்பத்திரி, அறுப்பாங்க சார் அம்மாவ. ஒங்க வேலையும் போயிரும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் மூடியைத் தூக்கித் தொட்டிமேல் நேராக வைத்தார். தரையைத் துடைத்தார். மறுநாள் மேலதிகாரி வந்து உட்கார்ந்து, "பாவம், சின்ன வயசு. இருதயம் பலவீனம்னு முன்னாடியே தெரியாதா?" என்று கேட்டார். தெரிந்தே கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. தெரியாது சார் என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது. அதற்குப் பிறகு உன் தாத்தாவிடமும் மாமாவிடமும் அதையே சொன்னேன். காரியம் முடியும்வரை எனக்கு அழுகை வரவில்லை. துக்கத்தில் உறைந்துபோய்விட்டான் என்று எல்லோரும் இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கத்தையும் வாங்கிக்கொண்டேன்.

பதினாறு முடிந்த மறுநாள் உன் மாமா தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். விளக்கு இல்லாமல் பச்சைப் பாசி வெளுத்து, தண்ணீர் பால் கலந்த மாதிரிக் கலங்கிப்போயிருந்தது. சிவப்புப் பாசி மட்டும் மூலையில் உயிரோடு இருந்தது. "மச்சான், அக்கா வளத்தது இருட்டுல கெடந்து சாகுது, நீங்க பாத்துக்கிட்டே இருக்கீக" என்று சொல்லிக்கொண்டே, நான் எழுவதற்குள் பிளக்கைச் சொருகிவிட்டார். டியூப் இரண்டு முறை சிமிட்டி எரிந்தது. நீ எங்கேயிருந்துதான் வந்தாயோ, "அம்மா வெளக்கு" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, மேஜைக் காலைப் பிடித்து ஏறி, தகரத்துக்குக் கையை நீட்டினாய். நான் பாய்ந்து உன் கையில் அடித்தேன். பலமாகவே அடித்தேன். உன் ஐந்து விரலும் சிவந்துவிட்டன. நீ மூச்சு விடாமல் அழுதாய்.

"என்ன மச்சான் இது! தாயில்லாப் புள்ள மேலயா கைய வைக்கிறீக?"

"லைட்டு சரியில்ல மாப்ள."

"என்ன சரியில்ல? பளபளன்னு எரியுதே."

உண்மை எனக்கு வாய் வரை வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளியே போய் நின்றேன். அன்று மத்தியானமே உன் துணிமணியை எல்லாம் மூட்டை கட்டிவிட்டார். "கொஞ்ச நாளைக்குப் புள்ள எங்ககிட்ட இருக்கட்டும். ஒங்க மனசு தெளியட்டும்" என்றார். ரயிலடியில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்த ஞாயித்துக்கெழம வந்து தொட்டியையும் எடுத்துட்டுப் போறேன் மச்சான். கடல் தண்ணி எங்க ஊர்ல வாசல்லயே கெடக்கு, பாசி நல்லா வளரும். லைட்டும் வேணும். எங்க வீட்லயும் கரண்ட் வந்துருச்சுல்ல. நாளைக்கு இவ கேட்டா, ஒங்கம்மா வளத்தது, ஒங்கப்பா செஞ்ச வெளக்குன்னு காட்டணும்" என்றார். நீ என்னைப் பார்க்கவில்லை. நான் அடித்த கையை மடக்கி வைத்துக்கொண்டிருந்தாய்.

நீங்கள் போனபின் பிளக்கைச் சொருகி, டெஸ்டர் விளக்கை எடுத்துத் தகரத்தில் வைத்துப் பார்த்தேன். நன்றாகவே எரிந்தது. சோக்கின் உள்ளே உப்புக் காற்றுப் புகுந்து கம்பிமேல் பூச்செல்லாம் கரைந்திருக்கிறது. மூன்று வாரம் முன்னால் அதே இடத்தில் அதே டெஸ்டரை வைக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்குரூ டிரைவரை எடுத்துச் சோக்கைக் கழற்றி உடைத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். லைட் உடைந்துவிட்டது மாப்ள, தொட்டியை மட்டும் எடுத்துப் போங்கள் என்று சொன்னால் முடிந்தது. நீயும் பத்திரம், நானும் பத்திரம். ஒரு போல்ட்டைக் கழற்றவும் கழற்றினேன். பிறகுதான் உன் மாமா என்ன செய்வார் என்று யோசித்தேன். அக்கா பாசிக்கு லைட் இல்லாமல் இருக்கக் கூடாது என்று மதுரையில் போய் ஒரு பழைய டியூப் வாங்குவார். விலை மலிவாகக் கேட்பார், நான் கேட்ட மாதிரி. தகரத்தில் மாட்டுவார், இரண்டு வயர் இழுப்பார், ஏனென்றால் வேறு ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. நீ ஓடிவந்து மேஜைக் காலைப் பிடித்து ஏறுவாய். உன் அம்மா எதனால் செத்தாள் என்று தெரியாத வீட்டில் நீ வளரக் கூடாது.

ஆகவே விளக்கைப் பற்றி உன் மாமாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பாசி வளர்க்கத்தான் வேண்டும். அவள் ஆசை அது. இரண்டடி வெள்ளை டியூப் ஒன்று போதும், தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில். பகலில் பத்து மணி நேரம் எரியட்டும், ராத்திரி அணைத்துவிட வேண்டும், அதற்கும் தூக்கம் வேண்டும் என்பாள். தகரம் வேண்டாம், மரப்பலகையில் மாட்டுங்கள். சோக்கைத் தொட்டிப் பக்கமே கொண்டுவராமல், கைக்கு எட்டாத உயரத்தில் சுவரில் அடியுங்கள். மூன்று வயர் இழுத்து, மூன்றாவதைக் குழியில் இறக்குங்கள். தண்ணீரில் கை வைப்பதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்குங்கள். பழசு வாங்கினாலும் பரவாயில்லை, பழசு வாங்கியது என் தப்பில்லை. மிச்சம் பிடிக்கக் கூடாத இடத்தில் மிச்சம் பிடித்தேன்.

இன்று மத்தியானம் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். இலாகா எனக்கு வீட்டிலேயே ஒரு போன் கொடுத்திருக்கிறது. இப்போது நான் லீவில் இருக்கிறேன், வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார், இருந்தாலும் போன் இங்கேயே இருக்கிறது. நடந்ததை எழுதிப் போலீஸிலும் இலாகாவிலும் கொடுக்கப் போகிறேன் என்றேன். "யோவ், போனவ போயிட்டா. இனிமே எழுதி என்னத்த மீட்கப் போற? வேலை போகும். மாமனார் வீட்டுல புள்ளையக் கண்ணுல காட்ட மாட்டாங்க. சொந்த மச்சினனே உன்னக் கொலகாரன்னு சொல்லுவான். நான் ஒரு மணி நேரத்துல திரும்பக் கூப்பிடுறேன். அதுவரைக்கும் பேனாவத் தொடாத" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. திரும்பக் கூப்பிட்டால் இதையே இன்னும் அன்பாகச் சொல்வார். அன்பாகச் சொன்னால் நான் கேட்டுவிடுவேன். அது எனக்குத் தெரியும்.

நாளைக் காலை ரயிலில் உன் மாமா வருகிறார். தொட்டியில் கை வைப்பதற்கு முன்னால் இதை அவரிடம் கொடுப்பேன். அதற்காகத்தான் உறையை ஒட்டவில்லை. படித்துவிட்டு என்னை அடித்தால் வாங்கிக்கொள்வேன். உன்னை இனிமேல் எனக்குக் காட்டுவாரா மாட்டாரா என்பது அவர் கையில் இருக்கிறது. காட்டாமலே போனாலும் இந்தக் கடிதத்தை மட்டும் உனக்காக எடுத்து வைக்கச் சொல்லிக் கேட்பேன். உன் கையில் அன்று நான் ஏன் அடித்தேன் என்று ஒரு நாள் உனக்குத் தெரிய வேண்டும்.

மேலதிகாரி சொன்ன ஒரு மணி நேரம் ஆகப் போகிறது. மணி அடிக்காதபடி போன் ரிசீவரை எடுத்துத் தனியாகக் கீழே வைத்துவிட்டேன்.